லட்சத்தீவுச் சனத்துக்கு அப்படி என்ன கோபம்? நிலாவெளியில் இருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

திருகோணமலை நிலாவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2021இல் இந்தியாவின் லட்சத்தீவுக்குப் புதுச் சட்டங்கள் கொண்டுவரப் பார்த்தார்கள். சுற்றுலாவை வளர்க்கத்தான் என்றார்கள். ஆனால் சனம் முழுக்க எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தது. ரோட்டும் ஹோட்டலும் வந்தால் நல்லதுதானே? நாங்கள் இங்கே வருஷக்கணக்காக அதைத்தானே கேட்கிறோம்? அவர்களுடைய கதை நிலாவெளிக்குப் பொருந்துமா?"

செய்தியை முதலில் பார்த்தபோது எனக்கும் இதே எண்ணம்தான் வந்தது. அப்புறம் அந்த வரைவுகளை எடுத்து வாசித்தேன். கடற்றொழிலாளர் சங்கமொன்றில் பல வருஷம் கணக்கெழுதிய ஆள் நான். அரசாங்கக் கடிதம் வாசிப்பது பழகிப்போன தொழில். சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பலுக்கு இடிக்கிற மாசியில் இருந்து தொடங்குகிறேன். கடையில் மாலைதீவு மாசி என்று கேட்டு வாங்குகிறோம். லட்சத்தீவின் தெற்குக் கோடியில் இருக்கும் மினிக்காய் தீவிலும் இதே தொழில்தான், அங்கே பேசுவதும் மாலைதீவு மொழியின் ஒரு வகைதான். களப்பில் உயிரோடு பிடித்த சின்ன மீனைக் கடலில் வீசிச் சூரையைக் கூட்டி, கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். வலை கிடையாது. கரைக்கு வந்ததும் தலையும் குடலும் நீக்கி, நீளத் துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகையில் வைத்து, பிறகு வெயிலில் நாள்கணக்காகக் காயப்போட்டால் விறகுக்கட்டை போலத் தட்டினால் சத்தம் கேட்கும். இந்த வேலை முழுக்கக் கரையில் நடப்பது. தோணியை இழுத்து வைக்க, தூண்டில் சாமான் வைக்க, மழைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். நாங்கள் வாடி என்று சொல்வது அதைத்தான்.

2021இல் அங்கே முதலில் சனத்தின் கண்ணில் பட்டது எந்தச் சட்டமும் அல்ல, அந்த வாடிகளை உடைத்ததுதான். கரையோர விதியை மீறிக் கட்டியவை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். தாளில் பார்த்தால் காரணம் சரி. ஆனால் அந்தத் தாளுக்குத் தோணி எங்கே நிற்கும் என்று தெரியாது. எனக்கு இது உடனே விளங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கக் கரையில் ஒருமுறை ஓர் அலுவலகத்து ஆட்கள் வந்து வாடிக் கப்புகளில் சிவப்புப் பெயின்டால் இலக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். ஏன் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் யாரும் கிடுகு மாற்றவில்லை, உடைக்கப்போகிற வாடிக்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்று. கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. மாரிக்கு வலைகள்தான் நனைந்து இற்றுப்போயின.

சரி, லட்சத்தீவுக்கு வருவோம். மொத்தம் 36 தீவு, ஆள் இருப்பது 10இல். நிலம் எல்லாம் கூட்டினால் 32 சதுர கிலோமீற்றர். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர், ஏறக்குறைய எங்கள் கிண்ணியாப் பிரதேசத்தின் சனம். நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள், மினிக்காயைத் தவிர மற்றத் தீவுகளில் பேச்சு மலையாளத்தின் ஒரு வழக்கு. பெரும்பாலும் எல்லோருமே இந்திய அரசமைப்பில் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். வெளியாள் அங்கே போக அனுமதி எடுக்க வேண்டும், காணி வாங்க முடியாது.

அங்கே சட்டசபை கிடையாது. டெல்லிக்கு ஓர் எம்.பி. அனுப்புவார்கள், 2021இல் உள்ளூரில் பஞ்சாயத்து இருந்தது, அவ்வளவுதான். ஆட்சி நடத்துவது டெல்லி நியமிக்கும் நிர்வாகி. அவர் தயாரிக்கும் ஒழுங்குவிதி, உள்துறை அமைச்சு வழியாகப் போய், அரசமைப்பின் 240ஆவது உறுப்பின்படி ஜனாதிபதியின் பெயரில் வெளிவந்தால் அது பாராளுமன்றச் சட்டத்துக்குச் சமம். இது எப்படி இருக்கும் என்று திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். எங்களுக்கு இது நடுவில் வந்த நிலைமை, அவர்களுக்கோ தொடக்கத்தில் இருந்தே இப்படித்தான்.

முன்பெல்லாம் நிர்வாகியாகப் பெரும்பாலும் அரச சேவை அதிகாரிகளையே போட்டார்கள். 2020 டிசெம்பரில் அப்போதைய நிர்வாகி தினேஷ்வர் சர்மா இறந்துபோக, அந்த இடத்துக்கு பிரபுல் கோடா படேல் வந்தார். குஜராத்தில் உள்துறை இராஜாங்க அமைச்சராக இருந்த அரசியல்வாதி. ஏற்கெனவே தாத்ரா நகர் ஹவேலி, டாமன், டையு பக்கம் நிர்வாகி, லட்சத்தீவு கூடுதல் பொறுப்பு. வந்த சில மாதத்துக்குள் நான்கு வரைவுகள் வரிசையாக வெளிவந்தன.

முதலாவது, அபிவிருத்தி அதிகாரசபைக்கான வரைவு. நீங்கள் நல்லது என்று நினைப்பது இதைத்தான். எந்த இடத்தையும் திட்டமிடல் பிரதேசம் என்று அறிவிக்கலாம். அமைப்பு மோசம், காலாவதியான கட்டடம் என்று சொல்லிக் காணியை எடுக்கலாம், ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றலாம். கட்டடம் மட்டுமல்ல, சுரங்கம் தோண்டுவதும் கல் உடைப்பதும்கூட அதில் அபிவிருத்தி என்ற சொல்லுக்குள் அடக்கம். நெடுஞ்சாலை, சுற்றுவீதி, ரயில், ட்ராம் என்று ஒரு பட்டியலும் இருந்தது. தலைநகர் கவரத்தியே நீளத்தில் ஆறு கிலோமீற்றர் வராது. ரயில் வெளிக்கிட்டால் கார்ட் கொடியை மடிக்க முன்பே கடல் வந்துவிடும். வேறெங்கோ ஒரு பெரிய மாநிலத்துக்கு எழுதிய சட்டத்தைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பட்டியலிலேயே தெரிந்துவிடுகிறது.

அங்கத்தைய காணி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் கனம் விளங்கும். லட்சத்தீவு முஸ்லிம்களிடம் தாய்வழி முறை இன்னும் இருக்கிறது. சொத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள், பெயரே அழகு: வெள்ளியாழ்ச்சைச் சொத்து, திங்களாழ்ச்சைச் சொத்து. வெள்ளிக்கிழமைச் சொத்து என்பது தறவாட்டுக்கு, அதாவது தாய்வழிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவானது, பெண்வழியாக இறங்குவது. திங்கட்கிழமைச் சொத்து ஒருவர் தானே உழைத்துச் சேர்த்தது. எங்கள் பக்கத்திலும் வீடு வளவு மகளுக்குத்தான் போகும், மருமகன் மாமியார் வீட்டுக்கு வருவார், ஆகவே எங்களுக்கு இது அதிசயமில்லை. ஆனால் அபிவிருத்தி அதிகாரசபைக்குத் தேவைப்படுவது ஒரு வரைபடமும், அதில் ஓர் இலக்கமும், அதற்கு ஒரு சொந்தக்காரரும். ஒரு தென்னந்தோப்புக்கு நாற்பது பங்காளி என்றால் யாருக்கு அறிவித்தல் அனுப்புவது, யார் கையெழுத்து வைப்பது? அந்தத் தோப்பில் நாலு பேரக்குழந்தைகள் வீடு கட்டியிருப்பார்கள், நடுவில் ஒரு கிணறு. தண்ணீர் விஷயம் வேறு. பவளத்தீவில் நன்னீர் என்பது மணலுக்குள் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கும் ஒரு படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். ஹோட்டல் திட்டம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு அது.

இரண்டாவது வரைவு, சமூக விரோதச் செயல் தடுப்பு. சனம் இதைக் குண்டர் சட்டம் என்றது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம்வரை தடுத்து வைக்கலாம். இதற்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று ஒன்று 1979இல் இருந்து எங்களோடு வாழ்கிறது. அதில் தடுப்புக் காவல் 18 மாதம்வரை இருந்து 2022இல்தான் 12 மாதமானது. கொலையும் கொள்ளையும் அரிதான தீவுகளுக்கு இது எதற்கு என்று கேட்டதற்கு நிர்வாகம் எங்கள் நாட்டைத்தான் காட்டியது! 2021 மார்ச்சில் மினிக்காய் பக்கக் கடலில் ரவிஹன்சி என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்தது. 300 கிலோ ஹெரோயின், ஐந்து ஏகே 47. பயங்கரமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் படகு எங்களுடையது, பிடிபட்டது கடலில். வரைவோ அதற்கு முன் ஜனவரி மாத இறுதியிலேயே வெளிவந்துவிட்டது. மார்ச்சில் பிடித்த படகு எப்படி ஜனவரி வரைவுக்குக் காரணமாகும்?

மூன்றாவது, மாடு அறுப்பதைத் தடுக்கும் வரைவு. மாட்டிறைச்சி விற்கவோ கொண்டுபோகவோ கூடாது, பசு அறுத்தால் பத்து வருஷத்தில் இருந்து ஆயுள்வரை சிறை. எங்கள் நாட்டிலும் 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை இணங்கியது நினைவிருக்கும், கிண்ணியா, மூதூர் பக்கத்தில் அப்போது என்ன பேச்சு இருந்தது என்பதும் நினைவிருக்கும். லட்சத்தீவில் இதோடு இன்னும் இரண்டு வந்தது. பள்ளிச் சாப்பாட்டில் இருந்து இறைச்சியை எடுத்தார்கள், அரசுப் பால் பண்ணைகளை மூட உத்தரவிட்டார்கள். மறுபக்கம், பங்காரம் என்ற ஆளில்லாத உல்லாசத்தீவில் மட்டும் இருந்த மதுபான அனுமதியை, ஆட்கள் வாழும் தீவுகளின் சுற்றுலா விடுதிகளுக்கும் விரித்தார்கள். குஜராத்தில் மதுவிலக்கு, அங்கிருந்து வந்தவர் இங்கே மதுவைத் திறக்கிறார் என்று தீவுக்காரர்கள் சிரித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

நான்காவது, பஞ்சாயத்து வரைவு. இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவர் இனித் தேர்தலில் நிற்க முடியாது. இந்திய அரசின் சொந்தச் சுகாதார ஆய்வின்படி லட்சத்தீவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளைதான். இல்லாத நோய்க்கு மருந்து. குஜராத்தில் இந்தப் பஞ்சாயத்து விதியும் இருக்கிறது, மாட்டுக்கு ஆயுள் தண்டனையும் இருக்கிறது, 1985இல் இருந்து இதே பெயரில் குண்டர் சட்டமும் இருக்கிறது. சரக்கு எங்கிருந்து ஏறியது என்று தேடத் தேவையில்லை.

நான்கையும் தனித்தனியாக வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு நியாயம் சொல்லிவிடலாம். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். ஒன்று காணியை எடுக்க வழி செய்கிறது. ஒன்று எதிர்த்துப் பேசுபவரைத் தடுத்து வைக்க வழி செய்கிறது. ஒன்று ஊருக்காகப் பேசத் தேர்தலில் நிற்கக்கூடியவர்களைக் குறைக்கிறது. அதே 2021 மே மாதத்தில் கல்வி, சுகாதாரம், விவசாயம், கால்நடை, மீன்பிடி ஆகிய ஐந்து துறைகளையும் மாவட்டப் பஞ்சாயத்தின் கையில் இருந்து எடுத்துவிட்டார்கள். படேலின் மனதில் என்ன இருந்தது என்று ஆராய எனக்கு விருப்பமில்லை. நல்ல மனதோடே எழுதியிருந்தாலும், அடுத்து வருகிறவர் கையில் இந்த நான்கும் சேர்ந்து இருக்கும். தீவுச் சனத்தின் கோபம் என்று நான் விளங்கிக்கொண்டது இதைத்தான்: எங்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கருத்துச் சொல்ல நாள் கொடுத்தார்கள், உண்மை. கொரோனா உச்சத்தில், வீட்டை விட்டு வெளியே வர முடியாத நேரத்தில் கொடுத்தார்கள்.

கொரோனாவையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி நடுப்பகுதிவரை லட்சத்தீவில் ஒரு தொற்றுக்கூட இல்லை. கொச்சியில் தனிமைப்படுத்தி, தீவிலும் தனிமைப்படுத்தித்தான் ஆட்களை விட்டார்கள். அந்த விதியைத் தளர்த்தி, பரிசோதனைச் சீட்டு இருந்தால் வரலாம் என்றாக்கினார்கள். மே மாதமளவில் தொற்று ஆயிரக்கணக்கில். அரசாங்கத்தை நம்பி ஒரு வருஷம் வாயைக் கட்டி இருந்த சனம் இதற்குப் பிறகு எந்த வரைவை நல்ல கண்ணோடு வாசிக்கும்?

போராட்டம் நடந்த விதம் எனக்குப் பிடித்தது. கூட்டம் கூட முடியாது, ஊரடங்கு. ஜூன் 7ஆம் திகதி 12 மணி நேரம் அவரவர் வீட்டிலேயே பட்டினி இருந்தார்கள். கடை பூட்டு, வீட்டு வாசலில் அட்டையோடு குடும்பம் குடும்பமாக. சிலர் கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறைப் பக்கத்தில் அட்டையைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். நிலாவெளியில் சுழியோடுகிற உங்கள் பொடியன்களுக்கு அது எவ்வளவு வேலை என்று தெரியும். அந்த மாதக் கடைசியில் இன்னொன்று. வளவில் தென்னோலை, மட்டை, கோம்பை கிடந்தால் தண்டம் என்று ஓர் உத்தரவு வந்தது. தென்னந்தோப்புக்குள் வாழ்கிறவனிடம் ஓலை விழக்கூடாது என்றால் என்ன செய்வான்? விழுந்த ஓலையிலேயே ஏறி உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், ஓலைமடல் போராட்டம் என்று அதற்குப் பெயர். மீன்பிடிப் படகில் அரச ஊழியர் ஒருவர் காவலுக்கு ஏற வேண்டும் என்ற இன்னோர் உத்தரவு எதிர்ப்பில் திரும்பப் பெறப்பட்டது. சூரைப் படகில் கடல் பழகாத ஓர் உத்தியோகத்தர் ஏறினால், அவரைக் கரைசேர்ப்பதே அன்றைய தொழிலாகியிருக்கும்.

கேரளச் சட்டசபை மே 31இல் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு நிர்வாகியைத் திரும்ப அழைக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் 93 பேர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். செட்லத் தீவைச் சேர்ந்த திரைப்படக் கலைஞர் ஆயிஷா சுல்தானா தொலைக்காட்சி விவாதத்தில், தீவுச் சனத்தின் மேல் மத்திய அரசு 'உயிரியல் ஆயுதம்' பயன்படுத்துகிறது என்று ஒரு சொல் விட்டார், தேசத்துரோக வழக்குப் பதிந்தார்கள். புகார் கொடுத்தது பா.ஜ.க.வின் தீவுத் தலைவர். அதை எதிர்த்துத் தீவுப் பா.ஜ.க. ஆட்களே பலர் கட்சியை விட்டு விலகினார்கள். கேரள உயர்நீதிமன்றம் ஆயிஷாவுக்கு முன்ஜாமீன் கொடுத்தது. அந்தச் சொல் தேவையில்லாதது என்பது என் எண்ணம், ஆனால் அதற்குத் தேசத்துரோகம் என்பது அதைவிடப் பெரிய சொல்.

நிர்வாகத்தின் பக்கத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. அந்தத் தீவுகளில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை, அவசர நோயாளியை ஹெலியில் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். கப்பலில் இடம் கிடைப்பது பாடு. படித்த பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகத்தை விட்டால் வேறு வழியில்லை, அந்த நேரத்தில் தற்காலிக ஊழியர்களை வேறு நூற்றுக்கணக்கில் நிறுத்தினார்கள். மாலைதீவு பக்கத்தில் இருந்து சம்பாதிக்கிறது, நாங்கள் ஏன் கூடாது என்று கேட்பதில் பிழையே இல்லை. நீங்கள் கேட்பதும் அதுதான். 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ரவீந்திரன் குழு ஒவ்வொரு தீவுக்கும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் திட்டம் போடும் ஒரு முறையை ஏற்கெனவே உருவாக்கியிருந்தது. போராடியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். ஹோட்டலே வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு.

நீதிமன்றம் காப்பாற்றியதா என்றால், இல்லை. பள்ளி இறைச்சிக்கும் பால் பண்ணைக்கும் உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் இடைக்காலத் தடை கொடுத்தது, செப்டெம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் 2023 செப்டெம்பரில், இது கொள்கை முடிவு, நாங்கள் தலையிட மாட்டோம் என்றது. பிள்ளை என்ன சாப்பிடுவது என்று தீர்மானிப்பது நீதிபதியின் வேலையில்லை என்றால் எனக்குச் சம்மதம். அது பிள்ளையின் ஊர்க்காரர் வேலை. அந்த ஊர்க்காரருக்குத்தான் சபை இல்லை.

உங்கள் கடைசிக் கேள்வி, இது நிலாவெளிக்குப் பொருந்துமா என்பது. முழுக்கப் பொருந்தாது. அங்கே யுத்தம் நடக்கவில்லை, யாரும் இடம்பெயர்ந்து முகாமில் கிடக்கவில்லை. எங்கள் பக்கச் சம்பூர்ச் சனம் 2006இல் யுத்தத்தில் வெளியேறி, ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகி, நிலக்கரி மின்நிலையத்துக்கென்று காணி ஒதுக்கப்பட்டு, 2015க்குப் பிறகுதான் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தது. அந்த அளவு அனுபவம் லட்சத்தீவுக்கு இல்லை. ஆனால் 2025 ஜூலையில் பித்ரா தீவுச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சம்பூர்தான் நினைவுக்கு வந்தது. 2011இல் 271 பேர் இருந்த அந்தத் தீவை முழுதாகவே பாதுகாப்புத் தேவைக்கு எடுப்பதற்கு ஆய்வு அறிவித்தல் வந்திருக்கிறது.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது பண்டாரக் காணி விஷயம். கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தின் காலத்தில் இருந்து வந்த பெயர் அது, பண்டாரம் என்றால் கருவூலம். காணி அரசாங்கத்தினது, ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தென்னை வைத்து, வீடு கட்டி அனுபவிப்பது சனம். 2024இல் அதைத் திரும்ப எடுக்க உத்தரவு வந்து, வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் பக்கத்தில் அனுமதிப்பத்திரக் காணி என்பது ஏறக்குறைய இதே சாதி. உங்கள் விடுதி நிற்கிற வளவு உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரமா என்று இன்றைக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் என்றால், என்ன தேவைக்காகக் கொடுத்தது என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் 'விடுதி' என்று இருக்காது என்றுதான் நினைக்கிறேன். பெரிய ஹோட்டலுக்காக இந்தக் கரையை அளக்க ஆள் வந்தால், முதலில் தட்டுப்படப்போவது உங்கள் வேலிதான்.